மீட்ட மறுநாள் யார் சோறு போடுவது?

சென்ற இதழில், கொத்தடிமையிலிருந்தும் ஆள்கடத்தலிலிருந்தும் மீட்கப்பட்டவர்களுக்கு அரசு ஒதுக்கும் பணம் அவர்கள் கைக்கு எப்படி வருகிறது, எங்கே நிற்கிறது என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கே இந்த வாரப் பக்கம் முழுவதையும் கொடுத்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள், அதனால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கே: எங்கள் ஊர்ப் பக்கம் செங்கல் சூளையிலிருந்து ஒரு குடும்பத்தை அதிகாரிகள் வந்து மீட்டுக் கூட்டிப்போனார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அதே குடும்பம் வேறொரு சூளையில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இவர்களுக்கு நம் வரிப்பணத்தை எதற்குக் கொடுக்க வேண்டும்? — வாசகர், திருவண்ணாமலை

ப: கோபம் புரிகிறது. ஆனால் அந்த ஆறு மாதமும் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று யோசித்தீர்களா? மீட்கிற அன்று ஜீப் வரும், தாசில்தார் வருவார், சில சமயம் கேமராவும் வரும், விடுதலைச் சான்றிதழும் உடனடி உதவிப் பணமும் கொடுத்து ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். ஊரில் வீடு இருக்காது, இருந்தாலும் கூரை போயிருக்கும். ரேஷன் கார்டு இருக்காது, அல்லது மேஸ்திரியிடம் அடகில் இருக்கும். பிள்ளைகள் இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடம் பார்த்திருக்க மாட்டார்கள். பழங்குடியினரான இருளர் குடும்பமாக இருந்தால் சாதிச் சான்றிதழுக்கே நடையாய் நடக்க வேண்டும். கையில் இருந்த பணம் பழைய கைமாற்றுக்கும், ஒரு காய்ச்சலுக்கும், அரிசிக்கும் தீர்ந்துவிடும். மீதி மறுவாழ்வுத் தொகை வரும் வரும் என்று ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் வாசலில் வந்து நின்று, ரொக்கமாக, ஒரு கையெழுத்தும் கேட்காமல் பணம் நீட்டுகிற ஒரே ஆள் இன்னொரு சூளையின் மேஸ்திரிதான். வாங்காமல் என்ன செய்வார்கள்?

நம் வரிப்பணம் வீணாவது அங்கேதான். மீட்பதற்கு ஆன செலவு, வண்டி, அதிகாரிகளின் நேரம், போட்ட வழக்கு எல்லாம் அந்த இடைப்பட்ட மாதங்களில் காசு இல்லாததால் ஒன்றுமில்லாமல் போகிறது. தொகையைக் கூட்ட வேண்டுமா என்று கேட்டால் கூட்டலாம் என்பேன். அதைவிட அவசரம், இப்போது இருக்கிற தொகையே சரியான மாதத்தில் வர வேண்டும். சென்ற இதழில் நான் சொல்ல வந்ததும் இதைத்தான்.

கே: எவ்வளவுதான் தருகிறார்கள்? ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள். — வாசகி, விழுப்புரம்

ப: ஆளாளுக்கு ஒரு கணக்கு என்பதும் உண்மைதான், ஏனென்றால் திட்டங்கள் பல. கொத்தடிமைக்கு மட்டும் சொல்கிறேன். 1978-ல் மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியபோது தலைக்கு 4,000 ரூபாய். மெல்ல ஏறி 2000-ல் 20,000 ஆனது, அதில் மத்திய அரசு பாதி, மாநிலம் பாதி. பிறகு 2016 வரை, நாட்டில் எல்லா விலையும் எங்கேயோ போய்விட்ட காலத்தில், அந்த 20,000 அப்படியே நின்றது. 2016-ல் வந்த புதிய திட்டத்தில் முழுத் தொகையும் மத்திய அரசுடையது: வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல், ஆள்கடத்தல் போன்ற மிகக் கொடுமையான நிலையிலிருந்து மீண்டவர்களுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், திருநங்கைகளுக்கும் 3 லட்சம். உடனடி உதவி முன்பு 20,000 என்றிருந்தது, 2022 ஜனவரியிலிருந்து 30,000 வரை.

கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது உள்ளே போய்ப் பார்ப்போம். 2 லட்சத்தில் 1.25 லட்சத்தை அவர் பெயரில் தவணை வருமானம் தரும் திட்டத்தில் போட வேண்டும், கணக்குக்கு வருவது 75,000. 3 லட்சத்தில் 2 லட்சம் அப்படிப் போகும், கையில் 1 லட்சம். சரி, இதில் ஒரு நியாயம் உண்டு, மொத்தமாகக் கொடுத்தால் குடிகாரப் புருஷனோ சொந்தக்காரரோ பிடுங்கிவிடுவார் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை. ஆனால் அந்த முழுத் தொகையையே 2016 திட்டம் வழக்கின் போக்கோடும் தண்டனையோடும் கட்டிவைத்தது. நம் நீதிமன்றங்களின் வேகம் உங்களுக்குத் தெரியும். முதலாளிக்குத் தண்டனை கிடைக்கவில்லை என்றால் அது போலீஸின் குறையோ அரசு வழக்கறிஞரின் குறையோ சாட்சி பிறழ்ந்ததோ எதுவாகவும் இருக்கலாம், அதற்காகத் தொகையை இழக்கிறவர் மட்டும் கூலிக்காரர். அப்புறம் வந்த மாற்றங்கள் அந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தின, முழுதாக அவிழ்க்கவில்லை. நடைமுறையில் பலருக்குக் கிடைப்பது அந்த உடனடித் தொகையோடு சரி.

இன்னொரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். உடனடி உதவியைத் தாமதமில்லாமல் கொடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிரந்தர நிதியாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தலைக்கு 30,000 என்றால் 33 பேருக்கு அது தீர்ந்துவிடும். 2011-ல் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரே சூளையிலிருந்து மீட்கப்பட்ட ஒடிசாத் தொழிலாளர்கள் ஐந்நூறு பேருக்கும் மேல்! செலவான தொகையை டெல்லி திருப்பித் தரும் என்பார்கள், தரும்தான், ஆனால் கோப்பு போய்த் திரும்ப வேண்டுமே.

கே: இத்தனை லட்சம் என்றால் நாளைக்கு எல்லோரும் நான் கொத்தடிமை என்று கிளம்பிவிட மாட்டார்களா? — வாசகர், ஈரோடு

ப: கிளம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்.டி.ஓ. விசாரணை, தனித்தனி வாக்குமூலம், முன்பணம் வாங்கிய கணக்கு, வெளியே போகவிடாமல் தடுத்தார்களா, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்தார்களா என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் சான்றிதழ். நியாயமான வழக்குகளிலேயே "இது வெறும் கூலிப் பாக்கி, கொத்தடிமை இல்லை" என்று எழுதி மூடுவதுண்டு. இத்தனைக்கும் 1976 சட்டம், கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது. அலுவலகங்களில் அது தலைகீழாகிவிடுகிறது.

2016-ல் மத்திய அரசே 2030-க்குள் 1.84 கோடிப் பேரை அடையாளம் கண்டு மீட்டு மறுவாழ்வு தருவதாக இலக்கு வைத்தது. 1978-லிருந்து இதுவரை மீட்கப்பட்டதாக அரசு சொல்கிற மொத்தக் கணக்கே மூன்று லட்சத்துக்குச் சற்று மேல்தான். பொய்யாக உள்ளே நுழைகிறவர்களைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையிலா இருக்கிறோம்?

கே: என் உறவுக்காரப் பெண்ணை வீட்டு வேலை என்று சொல்லி வெளி மாநிலத்துக்குக் கூட்டிப்போய் மோசம் செய்துவிட்டார்கள். போலீஸ் மீட்டு அனுப்பி ஒரு வருஷம் ஆகிறது. வழக்கு அங்கேயே கிடக்கிறது. இழப்பீடு கேட்க வேண்டுமானால் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டுமா? — ஒரு சகோதரி, கிருஷ்ணகிரி

ப: வேண்டாம் அம்மா, காத்திருக்கவே வேண்டாம். தீர்ப்பு வந்தால்தான் இழப்பீடு என்பது தப்பான எண்ணம், வக்கீல்களிலேயே சிலர் அப்படிச் சொல்லி அனுப்புகிறார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க மாநில அரசு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஏ பிரிவு சொன்னது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 396-ஆம் பிரிவு. குற்றவாளி பிடிபடாவிட்டாலும், யார் என்றே தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு. கொடுப்பது குற்றவாளி இல்லை, அரசு. அதைத் தீர்மானிப்பது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும்.

2018-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் பெண்களுக்காகத் தனியாக ஒரு இழப்பீட்டுத் திட்டம் வகுத்தது. அதன்படி பாலியல் வல்லுறவுக்கு 4 லட்சத்திலிருந்து 7 லட்சம் வரை, கூட்டு வல்லுறவுக்கு 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை. இடைக்கால உதவியும் கேட்கலாம், மனுவிலேயே அதைத் தனியாக எழுதிக் கேளுங்கள், கேட்காவிட்டால் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவச் சான்று, ஆதார், அவள் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு இவை போதும் தொடங்க. குற்றம் நடந்ததிலிருந்தோ விசாரணை முடிந்ததிலிருந்தோ 3 ஆண்டு என்று கெடு இருக்கிறது, தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஏற்கவும் வழி இருக்கிறது, ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். சம்பவம் வேறு மாநிலத்தில் என்பதால் மனுவை எங்கே போடுவது என்ற குழப்பம் வரும். உங்கள் மாவட்ட ஆணைக்குழுவுக்கே முதலில் போங்கள், அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டியது அவர்கள் கடமை. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தீர்மானித்த தொகையில் பொதுவாக முக்கால் பங்கை 3 ஆண்டுக்கு வைப்புநிதியில் போட்டுவிடுவார்கள், கால் பங்குதான் உடனே எடுக்க முடியும். படிப்பு, சிகிச்சை என்று காரணம் காட்டி முன்னதாக எடுக்கக் கேட்க முடியும். இதில் எனக்கு உடன்பாடில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். 16 வயதுப் பெண்ணின் பணத்தைப் பாதுகாப்பது வேறு, 26 வயதுப் பெண்ணிடம் அவள் பணத்தையே அவள் பிச்சை மாதிரி கேட்க வைப்பது வேறு.

அப்புறம், பணத்தோடு விட்டுவிடாதீர்கள். தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாளா, யாராவது கதவைத் தட்டினால் திடுக்கிடுகிறாளா என்று பாருங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் உண்டு. "நடந்ததை மறந்துடு" என்று மட்டும் யாரும் அவளிடம் சொல்ல வேண்டாம்.

கே: நான் ஒரு பெண்கள் இல்லத்தில் ஆறு வருடமாகக் கவுன்சலராக இருக்கிறேன். அரசு மானியம் வந்தால்தான் சம்பளம். போன வருஷம் எட்டு மாதம் வரவில்லை. எங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. — வாசகி, ஊர் வேண்டாம்

ப: எழுதுகிறேன். கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்களுக்காக 2007 டிசம்பரில் மத்திய அரசு உஜ்வாலா என்ற திட்டத்தைத் தொடங்கியது (கேஸ் சிலிண்டர் திட்டம் இல்லை, பெயர் மட்டும் பக்கத்தில் வரும், அதனாலேயே இணையத்தில் தேடினால் அடுப்புதான் வருகிறது). பிறகு அதையும், ஆதரவற்ற பெண்களுக்கான ஸ்வதார் கிருஹ் இல்லங்களையும் சேர்த்து, மிஷன் சக்தி என்ற பெண்கள் நலத் திட்டத்தின் கீழ் சக்தி சதன் என்று ஆக்கிவிட்டார்கள். செலவில் மத்திய அரசு 60, மாநிலம் 40. நடத்துவது பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள். பணம் தவணையாக வரும். போன தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் (பணத்தைச் செலவிட்ட கணக்கு) போனால்தான் அடுத்த தவணை. சான்றிதழ் மாவட்டத்தில் நிற்கும், மாநிலத்தில் நிற்கும், மத்தியப் பங்கு வந்து மாநிலப் பங்கு வராது, அல்லது மாறி நடக்கும்.

பணம் நின்றால் இல்லம் எதை முதலில் நிறுத்தும்? அரிசியை நிறுத்த முடியாது, கரண்டு பில்லை நிறுத்த முடியாது. உங்கள் சம்பளம்தான் நிற்கும். மூன்று மாதம் பொறுத்து நீங்கள் வேறு வேலைக்குப் போனால் குற்றம் சொல்ல முடியுமா? ஆனால் அந்தப் பெண் நாலு மாதமாக உங்களிடம் மட்டும் பேசத் தொடங்கியிருப்பாள். புதிதாக வருகிறவரிடம் எல்லாக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கட்டடத்துக்கு ஒரு தவணை தவறினால் சுவர் காத்திருக்கும். மனுஷருக்கு அப்படி இல்லை. சம்பளப் பங்கை மட்டுமாவது மானியத் தவணையிலிருந்து பிரித்து மாதாமாதம் நேராகக் கணக்கில் போடுவது இந்தக் காலத்தில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை.

உங்களிடம் கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் இல்லத்தைச் சொல்லவில்லை. சில இடங்களில் மீட்பு என்ற பெயரில் வயதுவந்த பெண்களை அவர்கள் விருப்பமில்லாமல் பூட்டி வைக்கிறார்கள். அதற்கும் அரசுப் பணம்தான் செலவாகிறது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், இப்படி விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கும் வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்துக் குறித்த காலத்தில் விடுவிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. பணம் கேட்கிற நாம் இதையும் கேட்க வேண்டும்.

கே: நிர்பயா நிதியில் ஆயிரக்கணக்கான கோடி இருப்பதாகச் சொல்கிறார்களே, அதிலிருந்து கொடுத்தால் என்ன? — வாசகர், மதுரை

ப: பெண்களின் பாதுகாப்புக்கென்று மத்திய அரசு வைத்திருக்கிற நிதி அது, 2013-ல் 1,000 கோடியோடு தொடங்கியது. ஒரு பகுதி ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுகளுக்கும், மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையங்களுக்கும் போகிறது, நல்லதுதான். ஆனால் சென்னை உட்பட எட்டுப் பெருநகரங்களின் பாதுகாப்பான நகரம் திட்டத்தையும் பாருங்கள், கேமராவும் கட்டுப்பாட்டு அறையும்தான் அதில் பெரிதாகத் தெரியும். எதையாவது வாங்குவது அரசுக்குச் சுலபம். டெண்டர் விடலாம், பில் வரும், திறப்பு விழா வைக்கலாம். ஒரு பெண்ணோடு இரண்டு வருஷம் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடவே போய்வருகிற ஒரு சமூகப் பணியாளரின் சம்பளத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாதே.

கே: எல்லாமே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தானா? என் தம்பியைத் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி மியான்மருக்குக் கடத்திக்கொண்டு போய் ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைத்தார்கள். திரும்பி வந்துவிட்டான். விமானத்துக்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. — வாசகர், புதுக்கோட்டை

ப: 2022 அக்டோபரில் மியான்மரின் மியாவாடியிலிருந்து 13 தமிழர்கள் சென்னை வந்தது செய்தியானது. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் இரண்டு நாளில் 549 இந்தியர்களைத் தாய்லாந்து வழியாகக் கொண்டுவந்தார்கள். கொண்டுவருவதற்குப் பணம் இருந்தது. வந்த பிறகு உங்கள் தம்பி எந்தத் திட்டத்திலும் சரியாகப் பொருந்த மாட்டார், அதுதான் கஷ்டம். சக்தி சதன் பெண்களுக்கு. கொத்தடிமைத் தொகை இங்கே ஆர்.டி.ஓ. சான்றிதழ் கொடுத்தவருக்கு, மியாவாடியில் எந்த ஆர்.டி.ஓ. இருக்கிறார்? சிலரை முதலில் குற்றவாளியாகவே விசாரிக்கிறார்கள், அடித்து மிரட்டிச் செய்ய வைத்த வேலைக்கு.

இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது. அவரை இங்கிருந்து ஏமாற்றி அனுப்பிய ஏஜென்ட் உள்ளூர்க்காரர் என்றால், ஆள்கடத்தல் குற்றத்தின் முதல் பகுதி இங்கேயே நடந்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவில் எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள், வெறும் மோசடி வழக்காக மட்டும் பதிய விடாதீர்கள். அது இருந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு கேட்க ஒரு பிடி கிடைக்கும். ஏஜென்டுக்குக் கட்டக் கடன் வாங்கியிருப்பார், அதற்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கடனைப் பற்றி எந்தத் திட்டத்திலும் ஒரு வரி இல்லை. 2018-ல் ஆள்கடத்தலுக்கென்றே ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறியது, அதில் மறுவாழ்வுக்குத் தனி நிதியும் இருந்தது. மாநிலங்களவையில் நிறைவேறாமலே 2019-ல் காலாவதியானது. அதில் குறைகளும் இருந்தன, எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது, ஆனால் ஆண், பெண் பார்க்காத ஒரு மறுவாழ்வு நிதி என்ற எண்ணமும் அதோடு போய்விட்டது.

கே: பழைய துணிகள் நிறைய இருக்கின்றன. இல்லங்களுக்கு அனுப்பலாமா? — வாசகி, கோயம்புத்தூர்

ப: கேட்டுவிட்டு அனுப்புங்கள். பல இல்லங்களில் வைக்க இடமில்லை.

கே: எங்காவது ஒழுங்காக நடந்திருக்கிறதா? ஒன்றாவது சொல்லுங்கள். — வாசகர், செங்கல்பட்டு

ப: திருவள்ளூர் மாவட்டம் மெய்யூரில், மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் மாவட்ட நிர்வாகத்தின் உதவியோடு தாங்களே சொந்தமாகச் செங்கல் சூளை போட்டார்கள். தெரிந்த தொழில், மேஸ்திரி இல்லை, முன்பணக் கணக்கு இல்லை. புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை, ஏற்கெனவே அரசிடம் இருக்கிற பல துறைத் திட்டங்களின் பணத்தை ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் கொண்டுவந்து சேர்த்ததுதான் வேலை. மாவட்டத்தில் ஒரு அதிகாரி மனது வைத்தால் நடக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் மனதைப் பொறுத்தது, இதுதான் எனக்குக் கவலை. வருஷா வருஷம் பிப்ரவரி 9 அன்று கலெக்டர் ஆபீஸ்களில் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். அன்றைக்கே அந்த மாவட்டத்தில் சான்றிதழ் வாங்கியவர்கள் எத்தனை பேர், முழுத் தொகை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்.

கே: எங்கள் ஊருக்கு வெளியே சவுக்குத் தோப்பில் மரம் வெட்ட நாலைந்து குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளும் வெட்டுகிறார்கள். பொங்கலுக்குக்கூட ஊருக்கு விடவில்லை. யாரிடம் சொல்வது? — வாசகர், ராணிப்பேட்டை

ப: 2019 ஜூலையில் உங்கள் பக்கத்திலும் காஞ்சிபுரம் பக்கத்திலும் இதே மாதிரி மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டார்கள், ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. சட்டப்படி பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும். இருவருக்கும் எழுத்தில் கொடுங்கள், பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருப்பதால் 1098-க்கும் சொல்லலாம், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களாகத் தோப்புக்குள் போய் விசாரிக்காதீர்கள், அன்று இரவே அவர்களை இடம் மாற்றிவிடுவார்கள். எத்தனை குடும்பம், எந்தச் சர்வே எண், யாருடைய தோப்பு, எந்த நேரத்தில் எல்லோரும் அங்கே இருப்பார்கள் என்பதைத் தூரத்திலிருந்து தெரிந்து எழுதினால் போதும். மீட்ட பிறகும் ஒரு வேலை இருக்கிறது: ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார்களா என்று பாருங்கள், குடும்பத்துக்கு ஒன்று என்று குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் கொடுத்தால் மனைவியின் 2 லட்சமும் பிள்ளைகளின் 2 லட்சமும் போய்விடும். பட்டியல் பழங்குடியினராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் எஃப்.ஐ.ஆரில் சேர்க்கச் சொல்லுங்கள், கொத்தடிமையாக வேலை வாங்குவது அதிலும் குற்றம். அதற்கென்று தனியாக 1 லட்சம் நிவாரணம் உண்டு, அதன் முதல் பகுதி வழக்குப் பதிந்ததுமே வர வேண்டும்.